ஈரலுக்குள் ஒரு பிள்ளையை எழுப்பினார்கள்

எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கு ஈரல் கெட்டுவிட்டது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: குடி. ஆம்பளைக்கு வந்தால் "ஊத்தி ஊத்தியே அழிஞ்சான்" என்று வாய்விட்டுச் சொல்வார்கள். பொம்பளைக்கு வந்தால் வாயால் சொல்ல மாட்டார்கள், பார்வையால் சொல்வார்கள். சாராய வாடை என்பதை நான் என் வாழ்நாளில் நுகர்ந்ததெல்லாம், சம்பளத்தன்று பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற சில அப்பன்மாரின் மூச்சில்தான். அப்படிப்பட்ட எனக்கு ஈரல் கெட்டது. யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

என் பெயர் விஜயலெட்சுமி. ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் காலையில் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் இடம் அது. பால் காய்ச்சிக் கொடுத்து, மூக்கைச் சிந்திவிட்டு, வரிசையாகக் கட்டிய சேலைத் தொட்டில்களில் போட்டு ஆட்டித் தூங்க வைப்பது என் பாடு. என் வீட்டுக்காரர் பன்னீர்செல்வம் மரக்கறி லொறி ஓட்டுகிறார். ஒரே மகள் தர்ஷினி கொழும்பில் துணிக்கடையொன்றில் வேலை பார்க்கிறாள். இதை எழுதச் சொன்னவள் அவள்தான். "அம்மா, இந்த மருந்தப் பத்தி நம்ம ஆளுங்க யாருமே தமிழ்ல சொல்லல. நீங்க பேசுற மாதிரியே எழுதுங்க" என்றாள். இப்போது கொஞ்சம் தெம்பாக இருக்கிறேன். அது எவ்வளவு நாளைக்கு என்று எனக்குத் தெரியாது, அதனால் தள்ளிப்போடாமல் எழுதிவிடுகிறேன்.

முதலில் வந்தது அசதி. ஒரு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாலே மூச்சு வாங்கியது. வயது போகிறதே, அதுதான் என்று நினைத்தேன். அப்புறம் கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. கையும் தோளும் வற்றிப்போக, வயிறு மட்டும் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. காம்பராவில் ஒரு வாண்டு என் வயிற்றில் காதை வைத்து, "ஆயம்மா, உள்ளுக்கு பாப்பாவா?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். சின்ன வயசு டொக்டர் ஒருவர் முடிவைப் பார்த்துவிட்டு, எவ்வளவு காலமாகக் குடிக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! பிளேன்டீயைத் தவிர வேறு எதுவும் குடித்ததில்லை மாத்தயா என்று அதே சிங்களத்தில் கொடுத்தேன் பாருங்கள், வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நல்ல பிள்ளை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பினார். அதில்தான் பிடிபட்டது. ஹெப்படைடிஸ் பி என்று ஒரு கிருமி. பிறக்கும்போதோ சின்ன வயதிலோ ஒட்டிக்கொண்டு, சத்தம் போடாமல் இத்தனை வருடம் ஈரலுக்குள் குடியிருந்திருக்கிறது. அது அரித்து அரித்து, ஆறி ஆறி, ஈரல் முழுக்கத் தழும்பாகி இறுகிப்போய்விட்டது. அதற்கு சிரோசிஸ் என்று பெயர் சொன்னார்கள்.

அதோடு விட்டதா? ஸ்கேன் எடுத்தவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பக்கவாட்டில் கருவியை வைத்து அழுத்தி, எடுத்து, மறுபடி அதே இடத்தில் அழுத்தினார். ஒரே இடத்துக்கு ஒருவர் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொள்ள டொக்டராக வேண்டியதில்லை. பிறகு கண்டிக்கு அனுப்பினார்கள். விலா எலும்புக்கு நடுவே நீளமான ஊசியை இறக்கி, ஈரலில் ஒரு நூலளவு சதையை எடுத்தார்கள். அதைத்தான் பயொப்ஸி என்கிறார்கள். ஊசியை விட அதன் முடிவுக்காக உட்கார்ந்திருந்த நாட்கள்தான் கொடுமை.

அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் லொறிச் சரக்கை மரக்கறிச் சந்தையில் இறக்கிவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். உடுப்பெல்லாம் லீக்ஸ் வாசம். காத்திருக்கிற நீள வாங்கில் பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி உட்காருவார்கள். அவர் அதைக் கவனிக்கவே மாட்டார், கதவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு உப்பு ஆகாது என்று சொன்ன அன்றிலிருந்து வீட்டில் உப்பு டப்பா மேல் தட்டுக்குப் போய்விட்டது. சமையல் அவர் கைக்குப் போனது. சும்மா சொல்லக் கூடாது, வாயில் வைக்க விளங்காத சமையல். ஆனால் அதையே அவரும் தின்றார். ரோட்டில் கடையில் போய் வக்கணையாகத் தின்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, கடையிலும் உப்பில்லாமல் கேட்டு வாங்கித்தான் தின்கிறார் என்று அவருடைய கூட்டாளி ஒருவர் சொல்லித் தெரிந்தது. இப்படிப்பட்ட மனுசன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் அவரை வையக் கூடாது.

முடிவு புற்று என்றது. கட்டியை வெட்டி எடுக்க முடியாதாம். வெட்டினால் மிஞ்சுகிற ஈரல் உடம்பைத் தாங்காது. தர்ஷினி கொழும்பில் விசாரித்து விசாரித்து ஓர் ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தாள். அங்கே புது மருந்தொன்றை ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சி நடந்தது. நானுஓயாவில் ரயிலேறிப் போனோம். வழி நெடுக அவர் ஒரே பாட்டுத்தான்.

"நம்ம ஆளுகளத்தான் எதுக்கும் முன்னுக்குத் தள்ளி விடுவாங்க. ஒன்னைய வச்சு சோதிச்சுப் பாக்கப் போறாங்க புள்ள."

"எலிக்கெல்லாம் குடுத்துப் பாத்தாச்சாம்."

"எலி என்ன வந்து சாட்சி சொல்லிச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான்.

அங்கே எங்களைப் பார்த்தவர் டொக்டர் சிவகௌரி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் மகளை விடப் பத்து வயது கூட இருக்கலாம். எதையும் மறைக்கவில்லை. படம் வரைந்து காட்டினார்.

"அம்மா, உங்கட உடம்பில எல்லாச் செல்லுக்குள்ளயும் எல்லா மரபணுவும் இருக்குது. ஆனா எல்லாம் ஒரே நேரத்தில முழிச்சிருக்காது. ஈரல் செல்லில ஒரு மரபணு இருக்குது, அதுதான் 'நீ ஈரல், ஈரலின்ர வேலையைச் செய்' எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு அது படுத்திட்டுது. அது படுத்ததால செல்லுகளுக்குத் தாங்கள் ஆர் எண்டே மறந்துபோச்சு, கண்டபடி பெருகுதுகள். இந்த மருந்து ஒரு சின்ன ஆர்.என்.ஏ துண்டு. இப்பிடியான சின்னத் துண்டுகளைப் பொதுவா ஒரு மரபணுவை அடக்கத்தான் பாவிக்கிறவை. இது மற்ற மாதிரி. அந்தப் படுத்த மரபணுவில போய் ஒட்டி அதை எழுப்பிவிடும்."

ஆர்.என்.ஏ என்றால் என்ன என்று கேட்டேன். மரபணுவில் இருக்கிற கட்டளையை வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிற பொருள் என்றார். அதே பொருளில் மிகச் சின்னதாகச் செய்து, கட்டளையையே தட்டி எழுப்ப அனுப்புகிறார்களாம். எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான்.

"அப்ப டொக்டர், எங்க காம்பராவுல எல்லாப் புள்ளைங்களும் தூங்குறப்ப, நடுவுல போயி ஒரே ஒரு புள்ளய மட்டும் எழுப்புறது மாதிரியா?"

"ஓம் அம்மா, அதேதான்!" என்று அவர் சந்தோசமாகச் சிரித்தார்.

"அது லேசுப்பட்ட வேலயில்லயே. பக்கத்துப் புள்ளைங்களும் முழிச்சுக்கிட்டா?"

அவர் சிரிப்பு நின்றுபோனது. "அதைத்தான் நாங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறம்" என்றார்.

"எழுப்பின புள்ள திரும்பத் தூங்கிட்டா?"

"தூங்கும். மருந்து இருக்கும் மட்டும்தான் முழிச்சிருக்கும். நிப்பாட்டினா கொஞ்ச நாளில பழையபடி படுத்திடும். அதனாலதான் ஒரு முறையும் தவற விடக் கூடாது. இன்னொண்டு. காய்ச்சல் வந்தா, தோலில ஏதும் வந்தா, உடன எனக்குப் போன் எடுக்கோணும். விடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கப்படாது. நாட்டு மருந்து ஒண்டும் வேண்டாம். விளங்குதோ ஐயா?"

ஐயா என்றது இவரை. இவர் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

மூன்று வாரம் வாரத்துக்கு ஒரு தரம் மருந்து, அப்புறம் ஒரு வாரம் ஓய்வு, மறுபடி முதலிலிருந்து. இதுதான் முறை. மருந்தை அப்படியே இரத்தத்தில் விட்டால் உடம்பு அதை வழியிலேயே தின்றுவிடுமாம். அதனால் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிக்குள் வைத்து, சேலைன் மாதிரி சொட்டுச் சொட்டாகக் கையில் ஏற்றினார்கள். கொழுப்பு எதுவும் கடைசியில் ஈரலுக்குத்தான் போய்ச் சேரும் என்பதால் அது நேரே அங்கே போகுமாம். மருந்து இலவசம். வந்து போகிற செலவு, தங்குகிற செலவு எங்கள் பாடு. என் தோட்டை அடகு வைக்கலாம் என்றேன். தர்ஷினி முந்திக்கொண்டு தன் சங்கிலியை வைத்துவிட்டு வந்தாள்.

அந்த அறையின் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நுவரெலியாக் குளிரில் பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கே பல் கிட்டித்தது. மருந்து ஏறத் தொடங்கி ஒரு பாட்டம் போனதும் முதுகுத்தண்டில் ஒரு நடுக்கம் எடுக்கும். நர்ஸ் ஓடி வந்து போர்த்திவிடுவார். பக்கத்துக் கதிரையில் பியதாச என்று ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சிங்களப் பெரியவர். அவருக்கும் இதே மருந்து. எங்கள் மலைக்கு ரயில் ஏறுகிற வளைவெல்லாம் அவருக்குத் தெரியும். எந்தச் சுரங்கத்தில் எப்போது வண்டி நின்றது என்று கதை சொல்லியே அந்த நேரத்தைக் கடத்திவிடுவார். இரண்டாம் சுற்றில் ஒரு நாள் போனேன், கதிரை காலியாக இருந்தது. சுகமில்லையா என்று நர்ஸைக் கேட்டேன். அவர் என் கையில் ஊசியைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கதிரையில் நான் பையைக் கூட வைக்கவில்லை.

ஆனால் எனக்கு வேலை செய்தது. கால் வீக்கம் வடிந்தது. வயிற்றில் நீர் குறைந்தது. ஈரல் செய்ய வேண்டிய புரதம் ஒன்று இரத்தத்தில் கூடியிருந்தது, பிள்ளை முழித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம் என்றார் டொக்டர். எனக்கு அதை விடப் பெரிய அடையாளம் பசி. மாதக்கணக்கில் சோற்றைக் கண்டால் குமட்டிக்கொண்டிருந்தவள், ஒரு காலை தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் கேட்டேன். தர்ஷினி அழுதுகொண்டே வாங்கி வந்தாள். உப்பில்லையா என்று பார்க்கக் கூட மறந்துவிட்டாள்.

சந்தோசப்படத்தான் வேண்டும், பட்டேன். இருந்தாலும் படுத்திருக்கும்போது கை தானாக வலது விலாவுக்குப் போகும். உள்ளே ஒன்று முழித்துக்கொண்டு கிடக்கிறது, அதை முழிக்க வைத்தது நானில்லை, அது எப்போது தூங்கும் என்பதும் என் கையில் இல்லை. என் உடம்புக்குள் அந்நியர் யாரோ விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

ஓய்வு வாரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். அந்தச் சமயம் பிள்ளைக்காம்பராவில் அம்மை. இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் போட்டிருந்தது. நான் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று இவர் கட்டளை. நானும் வாசல் வரைக்கும் போய், தூர நின்று பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்தேன், அவ்வளவுதான். அதற்கு அடுத்த நாள் சாயந்தரம் காய்ச்சல் அடித்தது. கழுத்தில் தொடங்கி நெஞ்சு முழுக்கச் சிவப்புத் தடிப்பு. காலையில் பார்த்தால் அதில் சிலது நீர் கோத்திருந்தது.

பிளேன்டீயோடு வந்தவர் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார். இரண்டடி பின்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆத்தா வந்துட்டா புள்ள" என்றார்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அம்மை என்றால் நோயில்லை. மாரியம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் வெளியாள் உள்ளே வரக் கூடாது. வீட்டில் தாளிக்கக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது. மருந்து கொடுத்தால், டொக்டரைக் கூப்பிட்டால், வந்தவளை அவமதித்து விரட்டுகிற மாதிரி. கோபித்துக்கொண்டால் கண்ணைக் கெடுப்பாள், உயிரை எடுப்பாள். மூன்று தரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை அனுப்பிவைக்கும் வரை ஆள் வீட்டை விட்டு வெளியே போகவே கூடாது. அவர் அம்மனிடம் பயமும் பாசமும் உள்ள மனுசன். எது செய்தாலும் பாதியில் விடமாட்டார். வேப்பிலையை விரித்து என்னைக் கிடத்தினார். வேப்பங்கொழுந்தையும் மஞ்சளையும் அரைத்து உருண்டை பிடித்து விழுங்க வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வெளியே நின்று இளநீரை வைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். டொக்டர் சொன்னது காதில் கிடந்ததுதான். ஆனால் அந்தக் காய்ச்சலில் நான் அம்மையாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அம்மை என்றால் இறங்கிப் போய்விடும். வந்தவள் விடைபெற்றுப் போவாள். புற்று அப்படி யாரிடமாவது விடைபெற்றிருக்கிறதா? வேப்பிலை வாசத்தில் கண்ணை மூடிக்கொண்டு, எனக்கு வந்தது எல்லாருக்கும் வருகிற ஒன்று என்று நினைப்பதே எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவர்தான் எடுத்தார். நான் படுத்த படுக்கையிலிருந்து கேட்டேன்.

"ஆமாங்க டொக்டர்... நல்லா இருக்காங்க... இல்லீங்க, காய்ச்சல் ஒண்ணும் இல்லீங்க."

ஆத்தா வீட்டில் இருக்கும்போது அவளைக் காய்ச்சல் என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. மகளுக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஓடி வருவாள், வெளியாள் வரக் கூடாதே. மருந்தேற்ற வேண்டிய நாள் வந்தது. போனது.

மருந்தேற்ற நான் வராததில் தர்ஷினி சந்தேகப்பட்டு, கடையில் லீவு கூடக் கேட்காமல் ரயிலேறிவிட்டாள். நானுஓயாவிலிருந்து வேன் பிடித்து வந்து இறங்கியபோது நான் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும் நிலையில் இல்லை. அவள் போட்ட சத்தத்தில்தான் கண் திறந்தேன்.

"அப்பா, அது அம்மையில்லப்பா! மருந்து ஒடம்புக்கு ஒத்துக்காம வந்தது. வழிய விடுங்க!"

"தண்ணி ஊத்தாம வெளிய கொண்டு போனா கொல்லுவா தர்ஷினி. அவகிட்ட வெளையாடாத."

"கொண்டு போகலேன்னா நாம கொல்றோம்ப்பா!"

வாசலை மறித்து நின்ற மனுசன் அந்த வார்த்தைக்குப் பிறகு விலகினார். என்னை வேனுக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அவர்தான். ஆத்தா மன்னிச்சுக்க, ஆத்தா மன்னிச்சுக்க என்று வாய் ஓயவில்லை.

கொழும்பில் பல நாள் கிடந்தேன். ஊசியும் சேலைனுமாகத் தடிப்பு அடங்கியது. அம்மை இல்லவே இல்லை, பரிசோதித்துப் பார்த்துச் சொன்னார்கள். மருந்தை உடம்பு எதிர்த்து அடித்த அடி அது. சிலருக்கு அப்படி வருமாம். எழும்பி உட்காரத் தொடங்கிய பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். டொக்டர் சிவகௌரி கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். தர்ஷினி என் பக்கத்தில் இருந்தாள். இவர் வெளியே வாங்கில் இருந்தார்.

"கட்டி சின்னதாகி இருக்குதம்மா. நல்லாவே சின்னதாகி இருக்குது" என்றார்.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் சொல்கிறவர் முகத்தில் அந்தச் சந்தோசம் இல்லை.

"அப்ப அடுத்த மருந்து எப்ப டொக்டர்?"

"இனி ஏத்த ஏலாதம்மா. காய்ச்சல் வந்த அண்டைக்கே வந்திருந்தா ஒரு ஊசியோட முடிஞ்சிருக்கும். அளவைக் குறைச்சுத் தொடர்ந்து குடுத்திருப்பன். இவ்வளவு நாள் விட்டதில உங்கட ஈரல் நல்லா அடிபட்டிட்டுது. நாட்டு மருந்தும் உள்ளுக்குப் போயிருக்குது. ஆராய்ச்சியில வச்சிருக்க எனக்கு அனுமதி இல்லை. நான் கேட்டுப் பாத்தன். வெளியில காசு குடுத்து வாங்கவும் இது இன்னும் கடையில இல்லை."

"அப்ப... எழுப்பின புள்ள?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை அன்றைக்குப் பயங்கர சூடாக இருந்தது, அல்லது என் கை சில்லிட்டுப் போயிருந்தது.

ஒன்றே ஒன்று கேட்டேன். மருந்து நின்ற காரணத்தை என் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டாம். தர்ஷினி பல்லைக் கடித்தாள். "எப்படிம்மா சொல்லாம இருக்குறது? அவருதானே..." என்று தொடங்கினாள். "சொன்னா அந்த மனுசன் அதுக்கப்புறம் உசுரோட இருப்பாரா?" என்றேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வெளியே போய் நானே சொன்னேன். "கட்டி சின்னதாயிருச்சுங்க. மருந்து இனித் தேவையில்லையாம்." அவ்வளவு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் அவர் தரையில் மண்டியிட்டு ஊர்ப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். ஆத்தா எறக்கிட்டா, பாத்தியா, ஆத்தா எறக்கிட்டா என்று அழுதார். ஒரு சிங்கள அம்மா அவருக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

ஊருக்கு வந்ததும் லயம் முழுக்க அதே பேச்சு. கொழும்பு டொக்டர்மாரால் ஆகாததை மாரியாத்தா செய்துவிட்டாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பச்சைப் பொய். சில நாள் அவர் சோற்றைப் பிசைவதைப் பார்க்கும்போதே பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு போன், ஒரே ஒரு உண்மை, அதைச் சொல்ல வாய் வரவில்லையே உங்களுக்கு என்று கத்தத் தோன்றும். அடுத்த வாயை அவர் எனக்கு ஊட்ட வருவார், உப்பில்லாத சோறு. நான் வாயைத் திறப்பேன். இப்படியே ஓடியது. காலையில் அரை நாள் பிள்ளைக்காம்பராவுக்குப் போகத் தொடங்கினேன். பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டும்போது எனக்குள்ளே ஒன்று கண் சொருகிக்கொண்டு வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன். அது கேட்கிற சங்கதியா? ஒன்றும் கேட்காது. வீட்டில் கண்ணாடியில் பார்த்தால் முகம் தெளிவாகத்தான் இருந்தது.

இந்த வெள்ளிக்கிழமை எங்கள் தோட்டத்துக் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். கரகம் தூக்குவது எப்போதும் இவர்தான். மஞ்சள் துணியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் திருவிழா முடியும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அத்தனை நாளும் லொறியை ஓரமாகப் போட்டுவிடுவார். ஒரு வருடம் கொட்டகலையில் அவருடைய கூடப்பிறந்த அண்ணன் மோசமாகக் கிடந்தபோதே தாண்டவில்லை. இந்த முறை எனக்காக நேர்த்திக்கடன் வேறு, அதனால் ஊரே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பூசாரி துணியோடு கையை நீட்டினார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இந்த வருசம் வேற ஆளுக்குக் கட்டுங்க சாமி" என்றார்.

மேளம் ஒரு தட்டுத் தவறி மறுபடி தொடர்ந்தது. யார் கேட்டும் காரணம் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும்வரை நானும் பொறுத்திருந்தேன்.

"ஏங்க, என்ன பண்ணிட்டு வந்திருக்கீங்க? ஊரே பேசுது."

"பேசட்டும். காப்புக் கட்டினா எல்லையத் தாண்ட முடியாதுல்ல. ஒன்னையத் தூக்கிட்டுப் போக வேண்டி வந்தா?"

"எனக்கு என்னங்க? நல்லாத்தானே இருக்கேன்."

அவர் என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்தார். வெயிலில் நிறுத்தி, கட்டைவிரலால் என் கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பார்த்தார்.

"நாலஞ்சு நாளா கண்ணு மஞ்சளடிக்குது புள்ள. நீ பாக்கலயா?"

நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் ஒற்றைக் குண்டு பல்பு. அந்த வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள்தான்.

"ஆத்தா எறக்கினதா இருந்தா திரும்ப வராது" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அன்னைக்கி அந்த டொக்டர் போன் பண்ணினப்ப நான் உண்மையச் சொல்லியிருந்தா, ஒனக்கு மருந்த நிப்பாட்டியிருக்க மாட்டாங்கல்ல?"

"இல்லீங்க. எப்படியும் இதுதான் நடந்திருக்கும்" என்றேன்.

அவர் நம்பவில்லை. லொறிக்குக் காலையிலேயே டீசல் அடித்து வைத்திருந்தார்.